பர்மிங்ஹாம் ஹிப்போட்ரோமில் ஒரு மாலை: டிக்கெட் எடுப்பதிலிருந்து கடைசி ரயில் வரை

பெரிய மியூசிக்கல் என்றால் லண்டன் வெஸ்ட் எண்டுக்குத்தான் போக வேண்டும் என்று இங்கிலாந்தில் இருக்கும் நம்மவர்களில் பலர் இன்னும் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். கவன்ட்ரி, லெஸ்டர், வுல்வர்ஹாம்ப்டன் பக்கம் வீட்டை வைத்துக்கொண்டு, நான்கு பேருக்கு லண்டன் ரயில் டிக்கெட், ஹோட்டல், அங்கே சாப்பாடு என்று காசைக் கொட்டிவிட்டு வருவார்கள். அதே ஷோ, கொஞ்சம் பொறுத்திருந்தால், பர்மிங்ஹாமுக்கே வந்திருக்கும். அதைப் பார்த்துவிட்டு இரவே வீட்டுக்கு வந்து படுத்திருக்கலாம். அப்படிப் போய்வர நினைப்பவர்களுக்காகத்தான் இது. ஊரிலிருந்து அப்பா அம்மா வந்திருக்கிறார்கள், எங்கே கூட்டிப்போவது என்று யோசிப்பவர்களுக்கும் சேர்த்தே எழுதுகிறேன்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எந்த ஷோ என்பதை எல்லோரும் நன்றாகத்தான் தேர்ந்தெடுக்கிறார்கள். சொதப்புவது நாளிலும், இருக்கையிலும், திரும்பி வரும் ரயிலிலும்தான். அதனால் அந்த மூன்றுக்கும் இங்கே இடம் அதிகம்.

இந்தத் தியேட்டர் எப்படி ஓடுகிறது

ஹர்ஸ்ட் ஸ்ட்ரீட்டில் இருக்கிற இந்த ஹிப்போட்ரோம் 1899இல் சர்க்கஸும் வெரைட்டி ஷோவும் நடத்தத் திறந்த இடம். 1903இல் இப்போதைய பெயர் வந்தது. உள்ளே நாம் உட்காரும் அரங்கம் 1924இல் மறுபடி கட்டியது. முகப்பும் மேடையின் பின்பக்கமும் 2001 வாக்கில் புதிதாக வந்தவை. ஏறக்குறைய 1,850 இருக்கை. நடத்துவது ஓர் அறக்கட்டளை.

இது சொந்தமாக நாடகம் போட்டு வருடம் முழுக்க ஓட்டும் இடம் இல்லை, வருகிற கம்பெனிகளுக்கு மேடை கொடுக்கும் இடம். ஒரு காலத்தில் நம்ம ஊரில் நாடகக் கம்பெனிகள் மதுரையில் முகாம், அப்புறம் திருச்சியில் முகாம் என்று சாமான்களோடு போனார்களே, அதே ஏற்பாடுதான். மாட்டு வண்டிக்குப் பதில் வரிசையாக லாரிகள். ஒரு ஷோ ஒரு வாரம் நிற்கும், பெரியது என்றால் பல வாரம் நிற்கும், அப்புறம் மூட்டை கட்டிக்கொண்டு அடுத்த ஊருக்குப் போய்விடும். போனால் திரும்பி வர வருடக்கணக்கில் ஆகலாம். ஹாமில்டன் என்கிற மியூசிக்கல் லண்டனில் தொடங்கியது 2017 டிசம்பரில். அதன் டூர் மான்செஸ்டரில் புறப்பட்டது 2023 நவம்பரில், பர்மிங்ஹாமுக்கு வந்து சேர்ந்தது 2024 கோடையில். ஆக, லண்டனில் இன்று பேசப்படுவது இங்கே வர ஆறேழு வருடம்கூட ஆகும், வந்தபின் சில வாரத்தில் காணாமலும் போய்விடும். "அடுத்த மாதம் பார்க்கலாம்" என்கிற பேச்சு இந்த மாதிரி தியேட்டருக்குச் சரிவராது.

விதிவிலக்கு ஒன்று உண்டு. பர்மிங்ஹாம் ராயல் பாலே 1990இல் லண்டனிலிருந்து இங்கே குடிவந்தது, இதுதான் அவர்களுடைய வீடு. 2020இலிருந்து அதன் இயக்குநர் கியூபாக்காரரான கார்லோஸ் அகோஸ்டா. அவர்களுடைய ஷோக்கள் வருடத்தில் சில முறை கட்டாயம் இருக்கும். அதேபோல் டிசம்பர், ஜனவரியில் பேண்டோ, அதாவது கிறிஸ்துமஸ் சமயத்தில் போடும் கேலிக்கூத்து நாடகம். அதற்குத் தனியாக வருகிறேன்.

முதல் வேலை: சரியான தியேட்டரைத்தான் பார்க்கிறோமா?

சிரிக்காதீர்கள். பிரிஸ்டலிலும் ஒரு ஹிப்போட்ரோம் இருக்கிறது, அங்கேயும் இதே டூர் ஷோக்கள் வரும். லண்டனில் லெஸ்டர் சதுக்கத்தில் இருக்கிற ஹிப்போட்ரோம் இப்போது சூதாட்ட விடுதி. தேடலில் முதலில் வந்ததை அமுக்கி, ஊர் பெயரைக் கவனிக்காமல் பணம் கட்டுவது நடக்கிற விஷயம். பர்மிங்ஹாமுக்குள்ளேயே அலெக்சாண்ட்ரா என்று இன்னொரு டூரிங் தியேட்டர், சஃபோக் ஸ்ட்ரீட் குவீன்ஸ்வேயில், நியூ ஸ்ட்ரீட் ரயில் நிலையத்துக்குப் பக்கத்திலேயே. செண்டினரி சதுக்கத்தில் இருக்கும் ரெப் தியேட்டர் வேறு. மாலை ஏழேகாலுக்கு அலெக்சாண்ட்ரா வாசலில் ஹிப்போட்ரோம் டிக்கெட்டோடு நிற்பது எவ்வளவு பரபரப்பான அனுபவம் என்று நான் விவரிக்கத் தேவையில்லை.

டிக்கெட்டைத் தியேட்டரின் சொந்தத் தளத்தில் மட்டும் வாங்குங்கள். தேடல் முடிவில் மேலே வரும் விளம்பரங்கள் பல நேரம் மறுவிற்பனைக்காரர்களுடையவை. அங்கே இரண்டு மடங்கு விலை இருக்கும், எந்த இருக்கை என்பதே சரியாகத் தெரியாது, ஷோ ரத்தானால் பணத்துக்கு அலைய வேண்டும். தியேட்டர் தளத்திலேயே "விற்றுத் தீர்ந்தது" என்றிருந்தால், மறுவிற்பனைக்கு ஓடுவதற்கு முன் தினமும் ஒருமுறை எட்டிப் பாருங்கள். கம்பெனிக்காக ஒதுக்கி வைத்திருந்த இருக்கைகளைக் கடைசி நாட்களில் விடுவிப்பது வழக்கம், நல்ல நல்ல இடமாகவே வந்து விழும்.

யாரோடு போகிறீர்கள் என்பதை வைத்து ஷோவைப் பிடியுங்கள்

பெற்றோரோடு போகிறீர்கள், அவர்களுக்கு ஆங்கிலம் படிக்க வரும் ஆனால் இங்குள்ள உச்சரிப்பைக் கேட்டுப் புரிந்துகொள்வது சிரமம் என்றால், எழுத்துத் திரை வைக்கும் காட்சியைத் தேடுங்கள். காது கேளாதவர்களுக்காக மேடையோரம் சிறு திரையில் வசனமும் பாட்டு வரிகளும் ஓடும் காட்சி அது. ஒரு ஷோவின் ஓட்டத்தில் ஒன்றிரண்டு நாள்தான் இருக்கும், அட்டவணையில் குறியிட்டிருப்பார்கள். நம் வீட்டுப் பெரியவர்களுக்கு இது எவ்வளவு உதவும் என்பது நம்மவர்கள் பலருக்குத் தெரிவதே இல்லை. வேகமாகப் பாடும் மியூசிக்கல் என்றால் உங்களுக்கே உதவும். டிக்கெட் எடுக்கும்போது அந்தத் திரை எந்தப் பக்கம் வரும், எந்த இருக்கையிலிருந்து தெரியும் என்று போனில் கேட்டுவிடுங்கள், ஏனென்றால் தப்பான ஓரத்தில் உட்கார்ந்தால் கழுத்து வலிதான் மிச்சம்.

இன்னும் சுலபமான வழி பாலே. மொழியே வேண்டாம். பர்மிங்ஹாம் ராயல் பாலேயின் நட்கிராக்கர், சர் பீட்டர் ரைட் 1990இல் இந்த ஊருக்காக உருவாக்கியது, நவம்பர் கடைசி டிசம்பர் தொடக்கத்தில் வரும். முதல் பாதியில் ஒரு கிறிஸ்துமஸ் மரம் மேடையில் நம் கண்முன்னாலேயே வளரும். கிளைகள் விரிந்து, மேலே மேலே போய், கடைசியில் கதையின் நாயகி கிளாரா அதன் பக்கத்தில் பொம்மை அளவுக்கு ஆகிவிடுவாள். அப்போது மேடைக்கு முன்னால் இருக்கிற குழியில் முழு வாத்தியக் குழு உண்மையாகவே வாசித்துக்கொண்டிருக்கும். பாலே என்றதும் முகம் சுளிக்கும் மாமாக்களை இதற்குக் கூட்டிப்போங்கள், அப்புறம் பேசிக்கொள்ளலாம்.

ஓபராவுக்கும் மேடைக்கு மேலே மொழிபெயர்ப்பு வரிகள் ஓடும். ஆனால் மூன்று மணி நேரம் தாண்டும், முதல் தடவைக்கு நான் சொல்ல மாட்டேன்.

சிறு குழந்தைகள் என்றால் ஷோவின் பக்கத்தில் போட்டிருக்கும் வயது வரம்பைப் பாருங்கள், அது சும்மா அலங்காரத்துக்குப் போட்டது இல்லை. கைக்குழந்தைக்கும் டிக்கெட் தேவையா என்பது ஷோவுக்கு ஷோ மாறும். ஆட்டிசம் உள்ள பிள்ளைகள், சத்தத்துக்கும் இருட்டுக்கும் பயப்படும் பிள்ளைகளுக்கு "ரிலாக்ஸ்டு" காட்சி என்று வைப்பார்கள். விளக்கை முழுக்க அணைக்க மாட்டார்கள், சத்தம் குறைவாக இருக்கும், பிள்ளை எழுந்து நடந்தாலோ குரல் கொடுத்தாலோ யாரும் திரும்பி முறைக்க மாட்டார்கள். பார்வை இல்லாதவர்களுக்குக் காதில் விவரிப்பு தரும் காட்சியும் உண்டு. சக்கர நாற்காலியில் வருபவர்கள், துணை ஒருவர் இல்லாமல் வர முடியாதவர்கள், ஆன்லைனில் அமுக்குவதற்கு முன் தியேட்டரின் உதவிப் பிரிவுக்குப் பேசிவிடுங்கள். துணைக்கு வருபவரின் டிக்கெட்டில் சலுகை கிடைக்குமா என்பதும் அங்கேதான் தெரியும்.

நாளும் நேரமும்

மாலைக் காட்சி பெரும்பாலும் 7:30. மேட்னி வாரத்தின் நடுவில் ஒரு நாளும் சனிக்கிழமையும், 2 அல்லது 2:30க்கு. சனி இரவு விலை உச்சத்தில் இருக்கும். செவ்வாய், புதன் மாலை அதே இருக்கை குறைவாகக் கிடைக்கும். ஒரு வாரமே நிற்கும் ஷோ திங்கள் இல்லாமல் செவ்வாயில் தொடங்குவது சகஜம். திங்கள் முழுக்க லாரியிலிருந்து இறக்கி, விளக்கைக் கட்டி, ஒலியைச் சரிபார்ப்பதில் போய்விடும். அதனாலேயே நான் முதல் மாலையைத் தவிர்ப்பேன். புது அரங்கத்தில் மைக் அளவெல்லாம் ஒரு நிலைக்கு வரக் கொஞ்சம் ஆகும் என்பது என் அபிப்பிராயம், நடிகர்கள் அடிக்க வரலாம்.

பெற்றோரோடும் பிள்ளைகளோடும் என்றால் கண்ணை மூடிக்கொண்டு மேட்னி. வெளியே வரும்போது மாலை ஐந்தேகால், சாப்பிட நேரம் இருக்கும், ரயிலும் நிறைய. ஒரு பிரபல முகத்துக்காகவே போகிறீர்கள் என்றால் மட்டும் கவனம்: டிவியில் பார்த்த அந்த நட்சத்திரம் எல்லாக் காட்சியிலும் நடிப்பார் என்று எந்தத் தியேட்டரும் உறுதி தராது. சிலர் மேட்னியில் வராமலே இருப்பார்கள், ஷோவின் பக்கத்தில் சின்ன எழுத்தில் அது இருக்கும். மாற்று நடிகர் வந்துவிட்டார் என்பதற்காகப் பணம் திரும்பக் கிடைக்காது. பல நாள் மாற்று நடிகர்தான் உயிரைக் கொடுத்துப் பாடுவார், அது வேறு கதை.

நாளைக் குறிப்பதற்கு முன் ஊரில் வேறு என்ன நடக்கிறது என்று பாருங்கள். நவம்பரிலிருந்து கிறிஸ்துமஸ் வரை நியூ ஸ்ட்ரீட்டிலும் விக்டோரியா சதுக்கத்திலும் ஜெர்மன் கிறிஸ்துமஸ் சந்தை. அந்தச் சனிக்கிழமைகளில் ரயிலில் நிற்கவே இடம் இருக்காது. தங்குவதாக இருந்தால் என்.இ.சி. என்கிற கண்காட்சி மையத்தில் பெரிய கண்காட்சி எதுவும் அந்த வாரம் இல்லையா என்று உறுதி செய்யுங்கள். மார்ச்சில் கிரஃப்ட்ஸ் நாய்க் கண்காட்சி வரும்போது ஊர் முழுக்க ஹோட்டல் விலை எகிறும், சில ஹோட்டல் லிஃப்டில் உங்களைவிட நன்றாகத் தலைவாரிய நாய் ஒன்று ஏறும்.

இருக்கை: இங்கே நேரம் செலவிடுங்கள்

தரைத் தளத்தில் ஸ்டால்ஸ், மேலே சர்க்கிள். விலைப்பட்டியலில் அதிகமாக இருப்பதுதான் நல்ல இருக்கை என்று இல்லை, எந்த ஷோ என்பதைப் பொறுத்து மாறும்.

பாலே, நடனம் அதிகமான மியூசிக்கல் என்றால் சர்க்கிளின் முன்பகுதி, நடு இருக்கைகள். மேடையில் இருபது முப்பது பேர் வரிசை மாறி மாறி உருவாக்கும் கோலம் மேலிருந்து பார்த்தால்தான் தெரியும். ஸ்டால்ஸ் முதல் வரிசையில் உட்கார்ந்தால் பாலேயில் பார்க்க வேண்டிய பாதமே மேடை விளிம்பில் மறைந்துவிடும், போதாததற்கு வாத்தியக் குழுவை நடத்துபவரின் தலை வேறு. நாடகம், முகபாவம் முக்கியமான மியூசிக்கல் என்றால் ஸ்டால்ஸின் நடு வரிசைகள். சர்க்கிளின் பின்கோடி விலை குறைவு, ஆனால் அங்கிருந்து நடிகரின் முகம் தெரியாது, குரலும் உடலும்தான் தெரியும். கையில் சின்ன பைனாகுலர் இருந்தால் கொண்டுபோங்கள்.

ஸ்டால்ஸின் பின்வரிசைகளில் ஒரு பொறி இருக்கிறது. தலைக்கு மேல் சர்க்கிள் நீட்டிக்கொண்டிருப்பதால் மேடையின் மேல்பகுதி வெட்டுப்படும். தரையிலேயே நடக்கிற கதை என்றால் பாதகம் இல்லை. மேலிருந்து ஆள் இறங்குவது, பறப்பது, மாடத்தில் நின்று பாடுவது எல்லாம் இருக்கிற ஷோவில் அந்தக் காட்சிகளில் உங்களுக்குத் தெரிவது காலும் பாவாடை ஓரமும்தான். மேலே சொன்ன அந்த மரத்தின் உச்சியும் போய்விடும். "பார்வை மறைவு" என்று எழுதிய இருக்கை எல்லாமே மோசம் இல்லை, ஓரத்தில் ஒரு துண்டு மேடை மட்டும் போகிறது என்றால் அந்த விலைக்கு லாபம்தான். எது மறையும் என்று போனில் கேளுங்கள், நேர்மையாகவே சொல்வார்கள். அந்த இருக்கையில் உட்கார்ந்தவர்கள் எடுத்துப் போட்ட படங்களும் இணையத்தில் கிடைக்கும்.

முட்டி வலி உள்ள பெரியவர்களை சர்க்கிளின் மேல் வரிசைகளில் உட்கார வைக்காதீர்கள். ஏறிவிடுவார்கள். இடைவேளையில் கழிப்பறைக்கு இறங்க வேண்டிவரும்போதுதான் அந்தச் செங்குத்துப் படி பயமுறுத்தும். லிஃப்ட் இருக்கிறது, ஆனால் லிஃப்ட் அந்தத் தளம் வரைதான் கொண்டுவிடும், வரிசை வரை இல்லை. ஸ்டால்ஸில் நடைபாதையை ஒட்டிய இருக்கையாக எடுங்கள். உயரமானவர்களுக்கும் நடைபாதை ஓரமே சொர்க்கம், பழைய தியேட்டர்களில் கால் நீட்டும் இடம் அந்தக் காலத்து ஆட்களின் அளவுக்குப் போட்டது.

பணம் கட்டும் பக்கத்தில் கடைசியில் சேரும் கட்டணத்தையும் பார்த்துவிட்டு அமுக்குங்கள். வாங்கிய டிக்கெட்டுக்குப் பொதுவாகப் பணம் திரும்பக் கிடையாது. முன்கூட்டியே சொன்னால் அதே ஷோவின் வேறு நாளுக்கு மாற்றித் தரும் வழி உண்டா என்று விதியைப் படித்துக்கொள்ளுங்கள். நான்கைந்து குடும்பமாகப் போகிறீர்கள் என்றால் தனித்தனியாக எடுக்காமல் குழு விலை கேளுங்கள், தமிழ்ச் சங்கங்கள் இதை ஏன் அதிகம் பயன்படுத்துவதில்லை என்பது எனக்கு இன்றுவரை புதிர்.

எப்படிப் போவது

முடிந்தவரை ரயில். நியூ ஸ்ட்ரீட் நிலையத்தில் இறங்கினால் பத்து நிமிட நடைக்குள் தியேட்டர். நிலையத்தின் நடுக்கூடத்தில் ஓஸி என்கிற பிரம்மாண்டமான இயந்திரக் காளை நிற்கும், 2022 காமன்வெல்த் விளையாட்டுத் தொடக்க விழாவில் வந்தது; தலையை ஆட்டும், பிள்ளைகள் அங்கிருந்து நகர மாட்டார்கள், அதற்கும் சேர்த்து நேரம் ஒதுக்குங்கள். ஹில் ஸ்ட்ரீட் பக்கம் வெளியே வந்து, சரிவில் இறங்கி, ஸ்மால்புரூக் குவீன்ஸ்வே என்கிற அகலச் சாலையைக் கடந்தால் எதிரே ஹர்ஸ்ட் ஸ்ட்ரீட். மூர் ஸ்ட்ரீட் நிலையத்தில் இறங்குபவர்கள் புல்ரிங் வழியாக நடக்க வேண்டும், கால்மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். டிக்பெத் கோச் நிலையமும் நடக்கும் தூரம்தான்.

ரயில் டிக்கெட்டில் ஒரு நுணுக்கம். போகும்போது அட்வான்ஸ் டிக்கெட் எடுங்கள், மலிவு. திரும்பும்போது எடுக்காதீர்கள். அட்வான்ஸ் டிக்கெட் குறிப்பிட்ட ஒரு ரயிலுக்கு மட்டும்தான். ஷோ பத்து நிமிடம் தாமதமாகத் தொடங்கினாலே கணக்கு தப்பிவிடும், அப்புறம் முழு விலையில் புது டிக்கெட். ஒரே ரயிலுக்கு என்று கட்டிப்போடாத, கூட்ட நேரம் தவிர மற்ற ரயில்களில் ஏறக்கூடிய ஆஃப்-பீக் டிக்கெட்டாக இருக்கட்டும். பிள்ளைகளோடு போகும் குடும்பத்துக்கு ஃபேமிலி அண்ட் ஃப்ரெண்ட்ஸ் ரயில் அட்டை இருந்தால் பெரியவர்களுக்கு மூன்றில் ஒரு பங்கும் பிள்ளைகளுக்கு 60 சதவீதமும் குறையும், இரண்டு மூன்று பயணத்தில் அட்டைக் காசு வந்துவிடும்.

கார்தான் என்றால் இரண்டு விஷயம். நிறுத்த அர்காடியன் கார் நிறுத்தம் பக்கத்திலேயே இருக்கிறது, ஷோ நாட்களில் சீக்கிரம் நிரம்பும். இரண்டாவது, தியேட்டர் இருப்பது பர்மிங்ஹாமின் சுத்தக் காற்று மண்டலத்துக்குள். 2021 ஜூன் முதல் நடைமுறையில் இருக்கிறது. பொதுவாகப் பெட்ரோல் கார் யூரோ 4 தரமும் டீசல் கார் யூரோ 6 தரமும் இருந்தால் ஒன்றும் இல்லை. பழைய டீசல் வைத்திருப்பவர்கள் நாளுக்கு 8 பவுண்டு கட்ட வேண்டும். வாசலில் வசூலிக்க யாரும் நிற்க மாட்டார்கள், கேமரா படம் எடுக்கும், நீங்களாகவே அரசு தளத்தில் வண்டி எண்ணைப் போட்டுக் கட்ட வேண்டும். போன நாளுக்கு அடுத்த 6 நாள் வரை அவகாசம், விட்டால் 120 பவுண்டு அபராதக் கடிதம் வரும், சீக்கிரம் கட்டினால் பாதி. இதில் கவனிக்க வேண்டியது, நாள் என்பது நள்ளிரவிலிருந்து நள்ளிரவு வரை. ஷோ முடிந்து சைனாடவுனில் ஆற அமரச் சாப்பிட்டுவிட்டுப் பன்னிரண்டேகாலுக்கு வண்டியை எடுத்தால் அது இரண்டாவது நாள், இன்னொரு 8 பவுண்டு.

முன்னாடி என்ன பார்ப்பது, எங்கே சாப்பிடுவது

தியேட்டரைச் சுற்றி இருப்பதே சைனாடவுன். ஏழரை ஷோவுக்கு ஐந்தரைக்கு உட்காருங்கள். ஆறரைக்குப் போனால் அரங்கத்தில் உட்காரப்போகிற கூட்டம் மொத்தமும் அங்கேதான் நிற்கும். தியேட்டருக்குப் போகிறோம், ஏழு மணிக்கு எழுந்தாக வேண்டும் என்று உட்காரும்போதே சொல்லிவிட்டால் அவர்களே பார்த்துக்கொள்வார்கள். சைவம் மட்டும் சாப்பிடும் பெரியவர்கள் இருந்தால் மீன் சாஸ், சிப்பிச் சாஸ் பற்றித் தனியாகக் கேட்டுவிடுங்கள். இந்த ஊரின் பேர்போன பால்டி கறி சாப்பிட வேண்டும் என்று ஆசைப்பட்டால், அது ஊருக்குத் தெற்கே ஸ்பார்க்புரூக், பால்சால் ஹீத் பக்கம். பஸ்ஸோ டாக்சியோ பிடிக்க வேண்டும். மேட்னி நாளில் ஷோவுக்கு அப்புறம் வைத்துக்கொள்ளுங்கள், ஷோவுக்கு முன் வேண்டாம்.

பகலிலேயே வந்துவிட்டால் ஹர்ஸ்ட் ஸ்ட்ரீட், இஞ்ச் ஸ்ட்ரீட் முனையில் "பேக் டு பேக்ஸ்" வீடுகளைப் பாருங்கள். முதுகோடு முதுகு ஒட்டி, ஒரு முற்றத்தைச் சுற்றிக் கட்டிய தொழிலாளர் குடியிருப்பு. இந்த ஊரில் ஆயிரக்கணக்கில் இருந்து எல்லாம் இடித்தபின் மிஞ்சிய ஒரே முற்றம். நேஷனல் டிரஸ்ட் 2004இல் மக்களுக்குத் திறந்தது. வழிகாட்டியோடு மட்டும்தான் உள்ளே விடுவார்கள், முன்பதிவு அவசியம், உள்ளே மாடிப்படி குறுகலும் செங்குத்தும். தியேட்டருக்கு எதிரிலேயே இருந்தும் பலர் கவனிக்காமல் தாண்டிப்போகிறார்கள்.

புல்ரிங் சந்தையும் சில நிமிட நடைதான். வெண்டைக்காய், பாகற்காய், பச்சை மிளகாய் எல்லாம் கிண்ணம் கிண்ணமாகக் குவித்து விற்பார்கள், நம் வீட்டு அம்மாக்களைக் கட்டுப்படுத்த முடியாது. காய்கறி வாங்கினாலும் பரவாயில்லை. மீன் வாங்கிக்கொண்டு இரண்டரை மணி நேரம் கதகதப்பான அரங்கில் உட்கார்ந்தால், பக்கத்து இருக்கைக்காரர் பற்றி யோசித்துப் பாருங்கள். பெரிய பை, சூட்கேஸ் எதுவும் வேண்டாம், வாசலில் பையைத் திறந்து பார்ப்பார்கள், வெளிச் சாப்பாட்டையும் பொதுவாக விட மாட்டார்கள்.

உள்ளே போனதும்

அரை மணி நேரம் முன்னால் வாசலில் இருங்கள். டிக்கெட்டைப் போனில் வைத்திருப்பவர்கள் வீட்டிலேயே சேமித்துக்கொள்ளுங்கள், வாசல் நெரிசலில் சிக்னல் சுற்றிக்கொண்டே இருக்கும். உடைக் கட்டுப்பாடு கிடையாது. ஜீன்ஸும் உண்டு, பட்டுப்புடவையும் பார்த்திருக்கிறேன், யாரும் ஒன்றும் நினைப்பதில்லை. குளிர்காலத்தில் உள்ளே சூடாக இருக்கும், கனத்த கோட்டை மடியில் வைத்துக்கொண்டுதான் உட்கார வேண்டியிருக்கும், அதனால் அடுக்கடுக்காக உடுத்துங்கள்.

தாமதமாக வந்தால் தோதான இடைவெளி வரும்வரை வெளியே நிறுத்திவிடுவார்கள். சில ஷோவில் அந்த இடைவெளி என்பதே இடைவேளைதான். காட்சி ஓடும்போது போட்டோ, வீடியோ எடுக்கக் கூடாது. தெரிந்த பாட்டு வந்தாலும் கூடப் பாடாதீர்கள், சில ஷோவில் கடைசியில் எழுந்து ஆடச் சொல்வார்கள், அப்போது பாடிக்கொள்ளலாம். நிகழ்ச்சிப் புத்தகத்துக்குத் தனிக் காசு. அன்றைக்கு யார் நடிக்கிறார் என்பதை அறிய அது தேவையில்லை, முன்கூடத்தில் பட்டியல் போட்டிருக்கும்.

இடைவேளை இருபது நிமிடம். திரை விழுந்ததும் பெண்கள் கழிப்பறை வரிசை மாடிப்படி வரை வந்துவிடும். விளக்கு எரிந்த உடனே எழுந்து போங்கள், இல்லை என்றால் கூட்டம் வடிந்தபின் கடைசி ஏழு நிமிடத்தில் போங்கள், நடுவில் போவதுதான் வீண். குடிக்க ஏதாவது வேண்டும் என்றால் ஷோவுக்கு முன்பே காசு கட்டி வைத்துவிடலாம், இடைவேளையில் பெயர் போட்டு எடுத்து வைத்திருப்பார்கள். பிள்ளைகளுக்கு ஐஸ்கிரீம். நடைபாதை முனையில் தட்டோடு ஆள் நிற்பார், சின்னக் கிண்ணம், மூடியைத் திருப்பிப் பார்த்தால் உட்பக்கம் ஒரு குட்டிக் கரண்டி ஒட்டியிருக்கும். அதைக் கண்டுபிடிக்கத் தெரியாமல் கரண்டி கேட்டுத் திரும்ப வரிசையில் நிற்பவர்கள் ஒவ்வொரு ஷோவிலும் உண்டு.

பேண்டோ மட்டும் தனி ரகம்

மேலே சொன்ன ஒழுங்கு எல்லாம் பேண்டோவில் தலைகீழ். சிண்டரெல்லா, அலாவுதீன் மாதிரி தெரிந்த கதை. ஆண் நடிகர் ஒருவர் கண்ணைப் பறிக்கும் கவுனில் ஸ்திரீபார்ட் போட்டுக்கொண்டு வருவார். வில்லன் மேடைக்கு வந்தால் அரங்கமே சேர்ந்து ஊளையிட வேண்டும். கதாநாயகன் பின்னால் பேய் வந்து நின்றால் "பின்னாடி பார், பின்னாடி பார்" என்று கத்த வேண்டும். கத்தாமல் உட்கார்ந்திருந்தால்தான் வித்தியாசமாகப் பார்ப்பார்கள். இங்கே மாட் ஸ்லாக் என்கிற நகைச்சுவை நடிகர் வருடா வருடம் வருகிறார், ஊர்க்காரர்களுக்கு அவர் வீட்டுப் பிள்ளை மாதிரி. பெரியவர்களுக்கான இரட்டை அர்த்த ஜோக்குகள் பிள்ளைகளின் தலைக்கு மேலே பறந்துகொண்டே இருக்கும். ஊரிலிருந்து வந்த தாத்தா பாட்டிக்குப் பாதி ஜோக் புரியாது, உள்ளூர் ஊர்ப்பெயர், டிவி நிகழ்ச்சி என்று போகும். ஆனால் பேரப்பிள்ளை நாற்காலி மேல் ஏறி நின்று கத்துவதைப் பார்ப்பதே அவர்களுக்கு ஷோ. டிக்கெட் ஒரு வருடம் முன்பே விற்கத் தொடங்கிவிடும், பள்ளி விடுமுறைத் தேதிகள் முதலில் போகும். கிறிஸ்துமஸ் முடிந்து ஜனவரியில் பள்ளி திறந்தபின் வரும் காட்சிகள் விலையும் குறைவு, ஊரில் கூட்டமும் குறைவு. சிறு பிள்ளைகளுக்கு உயர மெத்தை கேட்டு வாங்குங்கள்.

திரும்புவது

டிக்கெட்டுக்குப் பணம் கட்டுவதற்கு முன்பே, ஷோ எத்தனை மணி நேரம் என்று தளத்தில் பார்த்து, முடியும் நேரத்தோடு அரை மணி நேரம் கூட்டி, அதற்கு அப்புறம் உங்கள் ஊருக்கு ரயில் இருக்கிறதா என்று பாருங்கள். 7:30 ஷோ பத்தேகால் பக்கம் முடியும். பக்கத்து ஊர்களுக்குப் பிரச்சினை இல்லை. லண்டன் மாதிரி தூரம் போகிறவர்களுக்குத்தான் சங்கடம். சனி இரவு கடைசி ரயில் வார நாளைவிடச் சீக்கிரமே போய்விடும். ஞாயிறு என்றால் தண்டவாள வேலை என்று சொல்லி நடுவில் பஸ்ஸில் ஏற்றிவிடுவார்கள். வாரத்துக்கு முன்பு பார்த்த அட்டவணையை நம்பாமல் அன்று காலை மறுபடி ஒருமுறை பாருங்கள். கடைசி ரயிலுக்கு முந்தைய ரயிலைக் குறிவையுங்கள், கடைசி ரயில் மாற்று வழியாக மட்டும் இருக்கட்டும்.

வெள்ளி, சனி இரவில் ஹர்ஸ்ட் ஸ்ட்ரீட்டும் அர்காடியனும் பார், கிளப் கூட்டத்தால் நிரம்பி வழியும். தன்பாலின ஈர்ப்பாளர்கள் கூடும், வானவில் கொடி பறக்கும் தெருவும் நகரில் இதுதான், ஆட்டமும் பாட்டும் விடியும்வரை. பயப்பட ஒன்றும் இல்லை, சத்தம்தான் ஜாஸ்தி. பிள்ளைகளின் கையைப் பிடித்துக்கொண்டு கூட்டத்தோடு கூட்டமாக வந்த வழியே ஏறி நடந்தால் நிலையம் வந்துவிடும். தியேட்டர் வாசலில் நின்றுகொண்டு டாக்சி ஆப்பைத் திறக்காதீர்கள், அந்த நிமிடத்தில் ஆயிரத்துச் சொச்சம் பேர் அதையே செய்துகொண்டிருப்பார்கள், விலை தாறுமாறாகக் காட்டும். ஐந்து நிமிடம் நடந்து நிலையத்துப் பக்கம் போய் அழைத்தால் வண்டியும் சீக்கிரம் வரும்.